கடல் என்று எழுதியிருந்த இடம்

நூறு கிலோமீட்டர் கட்டத்தில்
பஹ்ரைன் கிடையாது.
நான் படித்த காலத்து மாதிரிகளில்
வளைகுடாவே ஒரு கைப்பிடிக் கட்டங்கள்,
அதிலும் ஒன்றிரண்டை யாரோ
நிலம் என்று எழுதிவிட்டிருந்தார்கள்.
இருபத்தைந்துக்கு வந்தபோது
ஒரே ஒரு கட்டம் வெளுத்தது.
தீவா பிழையா என்று ஒரு வாரம் அடித்துக்கொண்டோம்.

இப்போது மூன்று.
பூமி முழுவதையும் மூன்று மூன்றாக நறுக்கி
ஐந்தரைக் கோடிக்கு மேல் கட்டங்கள்,
ஒவ்வொன்றின் தலைமேலும்
தொண்ணூறு அடுக்குக் காற்று.
புயல்மேகத்தை இனி ஊகிக்க வேண்டாம்,
தானே திரண்டு தானே கறுத்து
யாரும் இல்லாத பெருங்கடலில்
கொட்டிவிட்டுப் போகிறது.

கணினி இங்கே இல்லை.
குளிர்ந்த தேசமொன்றில்
ஏரித் தண்ணீர் குடித்து ஓடுகிறது.
நான் முகரக்கில், நான்காவது மாடியில்,
ஏசி சொட்டும் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
அது அனுப்பிவைக்கும் ஆகஸ்டுகளைப்
பிரித்துப் பார்க்கிறேன்.

கீழே கோல்ட் ஸ்டோரில்
லபன் பாக்கெட்டைக் கன்னத்தில் வைத்தபடி
முத்துராக்கு கேட்டான்:
“என்னக்கா வேலை ஒங்களுக்கு?”
வெயிலைக் கணக்குப் போடுவது என்றேன்.
“அப்ப எங்க யார்டுல எவ்வளவுன்னு பாருங்க.
கப்பல் ரிப்பேரு. ஹித்துக்கு அங்கிட்டு.
ராத்திரி ஷிப்ட்டு.”

பார்த்தேன்.
வரிசை எண், நிரல் எண்.
போன ஆகஸ்டின் முப்பத்தோரு நாளும்
ஒரு கோடு படுத்துக் கிடந்தது.
பகலில் ஏறவில்லை, இரவில் இறங்கவில்லை.
மண் இப்படி நடந்துகொள்ளாது.
முகமூடிக் கோப்பைத் திறந்தால்
நிலத்துக்கு ஒன்று, நீருக்குச் சுழியம்;
அங்கே சுழியம்.

இங்கெபோர்க்குக்கு எழுதினேன்.
“கரைக்கோடு பழையது.
செயற்கைக்கோள் பார்த்த அன்று
அங்கே தண்ணீர்தான் இருந்தது” என்றாள்.
பொய் இல்லை.
அதற்குப் பிறகுதான் மணல் கொட்டினார்கள்,
மணல்மேல் கிரேன் நின்றது,
கிரேனுக்குக் கீழே
சிவகங்கைச் சீமையிலிருந்து ஓர் ஆள்
மூன்று வருடமாக
எங்கள் கடலில் நின்று வெல்டிங் வைக்கிறான்.

நெய்தலும் பாலையும் இத்தனை நெருங்கி இடித்துக்கொள்ளும் கரைக்கு
எங்கள் அட்டவணையில் எண் இல்லை.
‘தாவரமற்றது’ என்று போட்டேன்.
சுழியத்தை ஒன்றாக்க ஒரு விரல்.
வரிசையில் இடம் கிடைக்கப் பதினொரு நாள்.

ஓடி முடிந்தது.
கோடு எழுந்து உட்கார்ந்திருந்தது:
பகலில் நாற்பத்துநாலு,
பிறகு வெயில் இறங்க இறங்க
ஈரம் ஏறுகிறது.
இரவு பதினொன்றுக்கு
ஈரக்குமிழ் முப்பத்திரண்டு.

நனைந்த துணி சுற்றி விசிறினாலும்
அதற்குக் கீழே ஆறாது,
உடம்பும் ஒரு நனைந்த துணிதான்
என்று சொல்ல ஆரம்பித்தேன்.
அவன் ரீசார்ஜ் அட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.
“மதியத்துக்குச் சட்டம் இருக்குக்கா, ஆள இறக்க மாட்டான்.
பகல்னா ஒதுங்க ஒரு நெழலாச்சும் உண்டு.
ராத்திரிக்கு எந்த நெழல்ல ஒதுங்குறது?”

யார்டு பஸ் வந்தது. போய்விட்டான்.

நிழல், என் கணக்கில், எப்போதும்
கட்டத்தைவிடச் சிறியது.
கிரேனின் நிழல், தகர ஷெட்டின் நிழல்,
நாலு பேர் குந்தும் அளவு.
அதையெல்லாம் சராசரிக்குள் கரைத்துவிடுவோம்.
ராத்திரி என்பதை
கரைக்கக்கூட ஒன்றுமில்லை.

மாடியேறி
பதிவேட்டின் கடைசி வரிகளைப் படித்தேன்.
நீர்: ஒன்று குறைவு.
நிலம்: ஒன்று கூடுதல்.
மொத்தம்: மாற்றமில்லை.
உலகச் சராசரி
ஏழாவது தசமத்திலும் அசையவில்லை.

வாளி நிரம்பியிருந்தது.